குலச்சாபம் அன்று, புரதத்தில் விழுந்த சிக்கல்

நூலைப் பற்றிக் கோவை மக்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. பஞ்சு நூலாவதும், நூல் துணியாவதும் இம்மண்ணின் அன்றாடக் காட்சி. ஆலையில் ஓர் இழை அறுந்தால் உடனே முடி போடுவார்கள். சிக்கல் விழுந்தால் எங்கே விழுந்தது என்று தேடுவார்கள். ‘இந்த நூலுக்குச் சாபம்’ என்று ஆலையை இழுத்து மூடியவர் எவரும் இல்லை.

நம் உடலுக்குள்ளும் ஒரு நூற்பாலை இரவு பகலாக ஓடுகிறது. அங்கே நூற்கப்படும் நூலின் பெயர் புரதம். அந்த நூலில் சிக்கல் விழுந்து, தந்தையையும் மகனையும், தாயையும் மகளையும் வரிசையாகச் சாய்க்கும் நோய்கள் உண்டு. அவற்றைக் கண்டால் மட்டும் நாம் சிக்கலைத் தேடுவதில்லை. சாபம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறோம். இது சரிதானா என்று கேட்கவே மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எந்த நோயைப் பற்றிப் பேசுகிறோம்? ஒருவர் முப்பது, நாற்பது வயது வரை நன்றாக உழைத்து வருகிறார். பிறகு நடை சற்றே தள்ளாடுகிறது. குடித்துவிட்டு வருகிறார் என்று ஊர் நகைக்கிறது. கையெழுத்துக் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது, சில ஆண்டுகளில் சோற்றை விழுங்குவதே போராட்டமாகிறது. இவருடைய தந்தைக்கும் இப்படித்தான் இருந்தது என்று முதியோர் நினைவு கூர்கிறார்கள். மருத்துவர்கள் இதனை ‘ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா ஒன்றாம் வகை’ என்பர். நாம் எளிதாகத் ‘தள்ளாட்ட நோய்’ என்போம். உடலின் சமநிலையைக் காக்கும் சிறுமூளையில் உள்ள பர்க்கின்ஜி செல்கள் மெல்ல மெல்ல அழிவதே இதற்குக் காரணம்.

இது எங்கோ கடல் கடந்த நாட்டு நோய் அன்று. தமிழகத்தில் ஒரு சமூகத்தாரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்று நம் மாநில மருத்துவர்கள் ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் ‘நியூராலஜி இந்தியா’ என்னும் மருத்துவ இதழில் எழுதினார்கள். அச்சமூகத்தின் பெயரை இங்கே நாங்கள் எழுதவில்லை. ஆராய்ச்சி இதழில் அப்பெயர் இருப்பது மருத்துவத்துக்கு உதவும். நம் வாயில் அது புகுந்தால் பெண் பார்க்கப் போகும் இடத்தில்தான் உதவும். அந்த உதவி எவருக்கும் வேண்டாம்.

இனி, சிக்கல் எப்படி விழுகிறது என்று காண்போம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை. எந்த மணிக்குப் பின் எந்த மணி என்பதை நமது மரபணு எழுதி வைத்திருக்கிறது. மரபணுவின் எழுத்துக்கள் நான்கே. அவற்றுள் சி, ஏ, ஜி என்ற மூன்றெழுத்துச் சொல் வந்தால் ‘குளூட்டமின்’ என்ற மணியைக் கோக்க வேண்டும் என்பது கட்டளை. தள்ளாட்ட நோய்க்குரிய மரபணுவில் இச்சொல் எல்லாரிடமும் பலமுறை அடுத்தடுத்து வருகிறது. அதில் பிழையில்லை. ஆனால் சிலரிடம், இடையில் வேறு சொல் குறுக்கிடாமல், 39 முறையோ அதற்கு மேலோ வந்துவிடுகிறது. அப்போது ‘அட்டாக்ஸின்-1’ என்னும் புரதத்தில் குளூட்டமின் மணிகள் அளவுக்கு மீறி நீள்கின்றன. நீண்ட பகுதி ஒன்றோடொன்று ஒட்டிச் சிக்கலாகி, செல்லுக்குள் கட்டியாகத் தங்குகிறது.

இந்த மரபணுவை 1993ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் இருவர். ஒருவர் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஹாரி ஓர். மற்றவர் ஹூடா சோக்பி என்னும் பெண்மணி. லெபனான் நாட்டில் பிறந்து, பெய்ரூட்டில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, உள்நாட்டுப் போரினால் அமெரிக்காவுக்குப் பெயர்ந்து, அங்கே படிப்பை முடித்தவர். போர் அவரது ஊரைப் பறித்தது. படிப்பைப் பறிக்க முடியவில்லை. தோழியரே, இப்பெயரை மனத்தில் கொள்ளுங்கள்.

அதே 1993ஆம் ஆண்டில் இதன் உடன்பிறப்பான ஹன்டிங்டன் நோயின் மரபணுவும் கிடைத்தது. அங்கும் அதே சி, ஏ, ஜி. அங்கும் அதே குளூட்டமின் நீட்சி. புரதத்தின் பெயர் மட்டும் ‘ஹன்டிங்டின்’. இப்படிக் குளூட்டமின் நீள்வதால் வரும் நரம்பு நோய்கள் மொத்தம் ஒன்பது என்று இன்று அறிந்திருக்கிறோம். ஒரு வீட்டுப் பூட்டைத் திறக்கக் கற்றால் ஒன்பது வீட்டுக்கும் வழி தெரியக்கூடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். உயிரோடு இருப்பவரின் மூளையைத் திறந்து இப்புரதத்தை எடுத்துப் பார்க்க முடியுமா? முடியாது. அதனால்தான் அறிவியலார் அப்புரதத்தை வெளியே தயாரிக்கக் கற்றார்கள். மனித மரபணுவின் ஒரு துண்டை ‘ஈ-கோலை’ என்னும் பாக்டீரியாவுக்குள் புகுத்துகிறார்கள். இட்லி மாவு இரவோடு இரவாகப் பொங்குவதை அறிவோம். ஈ-கோலையோ நல்ல உணவும் வெதுவெதுப்பும் கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். போதிய அளவு பெருகியதும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். ‘இனி நூற்கத் தொடங்கு’ என்பதற்கான மணியோசை அது. பாக்டீரியா தன் வேலையோடு மனிதப் புரதத்தையும் நூற்றுக் குவிக்கிறது.

பின்னர் ஒலி அலையால் பாக்டீரியாக்களை உடைத்து, வேகமாகச் சுழற்றிக் கசடைப் பிரிக்கிறார்கள். ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்த கலவையில் நமக்கு வேண்டியதை எப்படி அடையாளம் காண்பது? சலவைக்குப் போடும் துணியில் குறி இடுவதைப் போல, முதலிலேயே அப்புரதத்துக்கு ஒரு குறி இணைத்திருப்பார்கள். அக்குறியை மட்டும் பிடித்துக் கொள்ளும் சிறுமணிகள் நிறைந்த குழாயில் கலவையை ஊற்றினால் வேண்டியது நிற்கும், வேண்டாதது வழிந்தோடும். இறுதியில் குறியை ஒரு நொதியால் வெட்டிவிட்டால் தூய புரதம் கையில்.

பெர்லினில் 1997ஆம் ஆண்டில் இம்முறையில்தான் ஹன்டிங்டினின் முனைத் துண்டைத் தயாரித்தார்கள். இயல்பான அளவில், அதாவது 20 குளூட்டமின் உள்ள துண்டு, குறியை வெட்டிய பின்னும் அமைதியாகக் கரைந்து நின்றது. 51 குளூட்டமின் உள்ள துண்டோ, குறியை வெட்டியதும் ஒன்றோடொன்று பின்னி நார் நாராகத் திரண்டது. நோய் உள்ளவரும் இல்லை, மூளையும் இல்லை. கண்ணாடிக் குழாய்க்குள், கண்ணெதிரே அந்தச் சிக்கல் விழுந்தது! குலதெய்வக் குற்றமும் செய்வினையும் கண்ணாடிக் குழாய்க்குள் எப்படிப் புகுந்தன? பெரியோர் சிந்திக்கட்டும்.

ஆனால் சிக்கல் திரள்வது மட்டுமே முழுக்கதை அன்று. சுண்டெலிகளில் 82 குளூட்டமின் கொண்ட அட்டாக்ஸின்-1 புரதத்தை உண்டாக்கினால் அவை தள்ளாடும். ஆனால் அப்புரதத்தின் 776ஆம் இடத்தில் உள்ள ‘செரின்’ என்ற ஒற்றை மணியை மாற்றிக் கோத்தபோது, 82 குளூட்டமின் இருந்தும் எலிகளுக்கு நோய் வரவில்லை என்று 2003ஆம் ஆண்டில் கண்டார்கள். நோய் தொடங்கிய பின் அந்த மரபணுவை அணைத்துவிட்டால் எலிகள் ஓரளவு தேறுகின்றன என்று 2004ஆம் ஆண்டில் கண்டார்கள். எலி மனிதன் அல்ல. ஆயினும் இந்நோய் கல்லில் பொறித்த தீர்ப்பு அன்று என்பதற்கு இவை சாட்சி.

முழு ஹன்டிங்டின் மிகப் பெரியது. 3,000க்கும் மேற்பட்ட மணிகள் கொண்டது. பாக்டீரியா அதை நூற்கத் திணறும். எனவே மனித செல்களை வளர்த்து அவற்றில் தயாரித்தார்கள். அப்போதும் அது நிலையாக நிற்கவில்லை. ‘ஹாப்-40’ என்ற துணைப் புரதத்தோடு சேர்த்து வைத்த பின்னரே அசையாமல் நின்றது. 2018ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஆய்வாளர்கள் அதன் வடிவத்தை உலகுக்குக் காட்டினார்கள்.

வடிவம் என்றதும் நம் சென்னைக்குத் தலைநிமிர வேண்டும். ஒரு புரத மாலை எங்கெங்கே வளையலாம், எங்கே வளையக் கூடாது என்பதற்குக் கணக்கு வகுத்தவர் ஜி. என். இராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘இராமச்சந்திரன் வரைபடம்’ இன்றும் உலகில் எங்கே புரத வடிவம் கண்டாலும் அதைச் சரிபார்க்கும் உரைகல். அம்மேதையே தம் இறுதிக் காலத்தில் பார்க்கின்சன் நோயால் துன்புற்று 2001ஆம் ஆண்டில் மறைந்தார். பார்க்கின்சன் நோயிலும் மூளையில் ஒரு புரதம் தவறாக மடிந்து திரள்கிறது. அவர் தந்த அளவுகோலைக் கொண்டே அவரைத் தாக்கிய நோயையும் உலகம் ஆராய்கிறது. இதைப் படித்த எங்களுக்கு வருத்தமும் பெருமையும் ஒருங்கே உண்டாயின.

‘ஏழை நாட்டில் ஆயிரம் நோய் இருக்க, அரிய நோய்க்கு ஏன் ஆராய்ச்சி?’ என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். அதற்கு விடை மேலே உள்ளது. புரதம் தவறாக மடிவது ஹன்டிங்டனுக்கும் தள்ளாட்ட நோய்க்கும் மட்டும் உரியதன்று. முதுமையில் பலரை வாட்டும் அல்சைமர், பார்க்கின்சன் நோய்களிலும் அதே கதைதான். முதியோர் பெருகிவரும் நம் நாட்டில் இது அரிய ஆராய்ச்சி அன்று, அவசிய ஆராய்ச்சி.

இப்போது வீட்டுக்குள் வருவோம். இங்கேதான் நாங்கள் பெற்றோரிடம் கொஞ்சம் உரிமையோடு பேச விரும்புகிறோம்.

இத்தகைய நோய் ஒரு வீட்டில் தோன்றினால் முதலில் பழி யார் மேல் விழுகிறது? வீட்டுக்கு வந்த மருமகள் மேல். ‘இவள் கால் வைத்த நேரம்’ என்பார்கள். பிள்ளைக்கும் வந்தால், ‘இவள் வயிற்றில் பிறந்ததால்’ என்பார்கள். அறிவியல் என்ன சொல்கிறது? ஆஸ்திரியப் பேரரசின் புரூன் நகரத்துத் துறவு மடத்தில் பட்டாணிச் செடி வளர்த்த கிரகோர் மெண்டல் 1866ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியே இங்கும் செல்லும். தந்தை, தாய் இருவருள் ஒருவரிடம் இக்குறை இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டுவது போன்றது அது. மூத்தவருக்கு வந்ததால் இளையவர் தப்பினார் என்ற கணக்கு இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நீதி. அதுமட்டுமா? சி, ஏ, ஜி என்னும் சொல் தலைமுறைதோறும் நீண்டு, பிள்ளைக்கு இளவயதிலேயே நோய் வருவது, தந்தை வழியாக வரும்போதே பெரும்பாலும் நிகழ்கிறது! மருமகளைப் பழிப்போர் இதனை அறிவார்களாக.

‘நாங்கள் ஒரே கூட்டத்தில் பெண் எடுப்பதில்லை, எங்களுக்கு இது வராது’ என்று கொங்கு நாட்டில் சொல்வோர் உண்டு. ‘தாய்மாமனைக் கட்டியதால்தான் வந்தது’ என்போரும் உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதால் சில நோய்கள் கூடும் என்பது உண்மையே. தந்தை, தாய் இருவரிடமிருந்தும் குறை வந்தால்தான் தோன்றும் நோய்கள் அவை. ஆனால் தள்ளாட்ட நோயும் ஹன்டிங்டனும் அத்தகையவை அல்ல. ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். சொந்தத்தில் கொடுத்தாலும் அசலில் கொடுத்தாலும் இதற்கு ஒன்றே.

பெற்றோர் இதை மறைப்பது ஏன் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு வீட்டில் மூன்று பெண்கள் இருந்து, தந்தைக்கு இந்நோய் என்று வெளியில் தெரிந்தால், மூவரின் திருமணமும் நின்றுவிடும். ஆகவே நோயாளி பின்கட்டில் அடைக்கப்படுகிறார். விருந்தினர் வந்தால் கதவு சாத்தப்படுகிறது. அவருக்குச் சோறூட்டி, உடல் துடைத்து, இரவெல்லாம் விழித்திருப்பவள் மனைவி. அல்லது படிப்பை நிறுத்திய மகள். இந்த மௌனத்துக்கு அந்தப் பெற்றோரை மட்டும் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னவரைத் தண்டிக்கும் ஊரில் உண்மை எப்படி வெளிவரும்? சொல்ல வேண்டிய கடமை சொல்பவருக்கு உண்டு என்றால், கேட்டபின் கண்ணியமாக நடக்க வேண்டிய கடமை கேட்பவருக்கு இருமடங்கு உண்டு. பெண் கொடுக்க மறுக்கலாம், எடுக்க மறுக்கலாம், அது அவரவர் உரிமை. கேட்டதை ஊரெல்லாம் பரப்புவது யாருடைய உரிமையும் அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை செய்து இக்குறை உண்டா இல்லையா என்று இன்று அறியலாம். பெங்களூரு நிமான்ஸ் நிறுவனத்தில் இதற்கான சோதனையும் ஆலோசனையும் உண்டு. ஆனால், ‘பெண்ணுக்குச் சோதனை செய்து சீட்டு கொண்டு வாருங்கள்’ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் பொருளாக இது மாறிவிடக் கூடாது. நோயை நிறுத்தும் மருந்து இல்லாத நிலையில், இருபது ஆண்டு கழித்து வரப்போவதை இன்றே அறிவது எளிய செய்தியா? அறிய விரும்புவோர் ஆலோசனை பெற்று அறியட்டும். அறிய விரும்பாதோரை வற்புறுத்தக் கூடாது. நோய்க்குறி இல்லாத சிறுவர்க்கு இச்சோதனை செய்யலாகாது, வயது வந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும் என்பதே உலக மருத்துவ நெறி. எங்கள் கருத்தும் அதுவே.

இவ்விடத்தில் நான்சி வெக்ஸ்லர் என்னும் அம்மையாரை நினைக்கிறோம். அவருடைய தாய்க்கு ஹன்டிங்டன் நோய். அவரோ ஓடி ஒளியவில்லை. 1979 முதல் ஆண்டுதோறும் வெனிசுவேலா நாட்டின் மாராகைபோ ஏரிக்கரை மீனவக் கிராமங்களுக்குச் சென்றார். இந்நோய் மிகுந்த அவ்வேழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இரத்தம் தந்தன. அந்த இரத்தம்தான் 1983ஆம் ஆண்டில் நான்காம் குரோமோசோமுக்கும், 1993ஆம் ஆண்டில் மரபணுவுக்கும் வழிகாட்டியது. தமக்கும் அந்நோய் இருப்பதை 2020ஆம் ஆண்டில் அவர் உலகறியச் சொன்னார். இரத்தம் தந்த மக்களோ நெடுநாள் வறுமையிலேயே இருந்தனர். அவர்களை உலகம் மறக்கலாமா? 2017 மே 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், தென் அமெரிக்காவிலிருந்து வந்தோர் உட்பட இந்நோய்க் குடும்பங்களை வத்திக்கானில் வரவேற்று அணைத்துக் கொண்டார். இனி மறைத்து வாழ வேண்டாம் என்பதே அன்றைய செய்தி. நமது அருட்சகோதரியர் நோயாளிகளைக் காணச் செல்லும்போது பின்கட்டுக் கதவையும் ஒருமுறை தட்டுமாறு பணிவன்போடு வேண்டுகிறோம்.

மருந்து எப்போது வரும்? பொய் நம்பிக்கை தர நாங்கள் விரும்பவில்லை. ஹன்டிங்டினைக் குறைக்கும் ஒரு மருந்தின் பெரிய சோதனை, பயன் தெரியாததால் 2021ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 2025 செப்டம்பரில், மூளைக்குள் செலுத்தும் ஒரு மரபணு சிகிச்சை நோயின் வேகத்தைக் குறைத்ததாக அறிவிப்பு வந்தது. ஆனால் சோதனையில் பங்கு பெற்றோர் மிகச் சிலரே. விடியல் அறிகுறி தெரிகிறது, விடிந்துவிடவில்லை. இதற்கிடையே ஈரோட்டு மஞ்சளை உருண்டையாக்கி ‘மூளை நோய் தீரும்’ என்று விற்போரிடம் பணத்தை இழக்க வேண்டாம். மஞ்சள் குழம்புக்கு நல்லது; இந்நோயைத் தீர்க்கும் என்று நிறுவப்படவில்லை. உடற்பயிற்சி, பேச்சுப் பயிற்சி, பாதுகாப்பாக விழுங்கும் பயிற்சி ஆகியவை நோயாளியின் நாட்களைச் சற்றே இலகுவாக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாட்பட்ட நரம்பியல் நோய்களையும் ஏற்கிறது என்பதையும் குடும்பத்தார் அறிந்து, உரிய சான்று கேட்டுப் பெறலாம்.

இறுதியாகத் தோழியருக்கு ஒரு வார்த்தை. உயிரியல் பாடம் என்றால் மருத்துவக் கல்லூரி ஒன்றே வழி. அது கிடைக்காவிட்டால் வாழ்வே போயிற்று என்று நம்மில் பலர் கலங்குகிறோம். மருத்துவர் நோயாளியின் கையைப் பிடிக்கிறார். அவர் கையில் கொடுக்க மருந்து வேண்டாமா? அம்மருந்து பிறக்கும் இடம் புரதத்தைத் தயாரித்து, தூய்மை செய்து, பொறுமையோடு ஆராயும் கூடம். ஹரியானா மாநிலம் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையத்தில் நிகார் ரஞ்சன் ஜானா போன்றோர், செல் தன் குப்பைப் புரதங்களை எப்படி அகற்றுகிறது, ஹன்டிங்டின் திரளும்போது அந்தத் துப்புரவு எப்படித் தடைபடுகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அவ்வழி நமக்கு மூடியிருக்கவில்லை. நம் கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அவினாசிலிங்கம் மகளிர் பல்கலைக்கழகத்திலும் உயிர்வேதியியல் கற்கலாம். பெற்றோரே, ‘பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஆண்டு ஆராய்ச்சிப் படிப்பு?’ என்று கேட்காதீர்கள். இந்நோயின் மரபணுவைத் தேடிப் பிடித்தவர்களுள் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். இந்நோயாளியின் படுக்கையருகே இரவில் விழித்திருப்போரும் பெண்களே. விழித்திருக்கத் தெரிந்தவளுக்கு ஆராயவும் தெரியும்.

சிக்கலை அவிழ்க்க நூலின் முனை கிடைக்க வேண்டும். முனை கிடைத்துவிட்டது. இழுத்து அறுப்பவர் வேண்டாம். பொறுமையாக அவிழ்க்கும் விரல்கள் வேண்டும். அவை கொங்கு மண்ணிலிருந்தும் எழட்டும்!